ஏழுமலையின் வால்

போன மாதம் நிவேதா என்ற பெண் போன் செய்து, என் எழுத்துருவிலிருந்து தாய்மாமனை எடுத்துவிடலாமா என்று கேட்டார்.

விளக்கிச் சொல்லிவிடுகிறேன். எழுத்துரு என்றால் ஃபாண்ட். நான் இந்த ஊரில் ஒரு கல்யாணப் பத்திரிகை அச்சகத்தில் முப்பது வருடத்துக்குமேல் வேலை பார்த்தவன். வேலை பார்த்தேன் என்பதற்கு அத்தாட்சியாக இரண்டு பொருள் மிச்சம்: ஒன்று தடித்த மூக்குக்கண்ணாடி, இன்னொன்று 'கிரிவலம்' என்கிற தமிழ் எழுத்துரு. வளைவும் கொடியுமாக, பட்டுப்புடவை கட்டிக்கொண்ட மாதிரி இருக்கும். விசேஷங்களுக்கு மட்டும் உடுத்தலாம். வாடகை ஒப்பந்தத்தை அதில் அடித்தால் வீட்டுக்காரர் சிரித்துவிடுவார். அதை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் போட்டு வைத்திருந்தேன். ரமணாசிரமத்துக்குப் பக்கத்தில் வாடகை அறை எடுத்துக்கொண்டு, அங்கே வெளிநாட்டுக்காரர்கள் வந்து உட்காருகிற காபிக் கடைகளுக்கெல்லாம் மெனு கார்டு வடிவமைக்கிற நிவேதா, அதைப் புதிய கம்ப்யூட்டர்களுக்கு ஏற்றபடி சீர்செய்து தருவதாகத் தாமாகவே முன்வந்தார்.

அந்த எழுத்துருவில் ஒரு பொத்தான் இருக்கிறது. அதன் பெயர் 'தாய்மாமன்'. ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்து அதை அழுத்தினால், அதன் எழுத்துகளிலிருந்து கீழ்நோக்கி நீளும் வால்கள் எல்லாம் திரும்பி அந்தப் பெயரின் அடியிலேயே வந்து படுத்துக்கொள்ளும்.

"சார், இது எதுக்குன்னே புரியல. யாரும் யூஸ் பண்ண மாட்டாங்க. எடுத்துட்டா ஃபைல் சின்னதாயிடும்" என்றார் நிவேதா.

எடுக்காதம்மா என்று சொன்னேன். ஏன் என்று கேட்டார். போனில் அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுதாக எழுதுகிறேன்.

நான் கற்றுக்கொண்ட வருடங்களைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஈய எழுத்தைக் கோத்தேன்; பிறகு அதை மறந்தேன். கம்ப்யூட்டர் வந்தது, மவுசைப் பிடிக்கப் பயந்தேன், பிறகு விடப் பயந்தேன். இதற்குள் பதினைந்து வருடம் ஓடிவிட்டது. என் கையெழுத்தை மருந்துக் கடைக்காரர்கள்கூடப் படிக்க மாட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். அழகான எழுத்தை வரைகிறவனுக்கு அழகான கையெழுத்து இருக்கும் என்று நம்புகிறவர்கள், சமையல்காரர்கள் எல்லாரும் குண்டாக இருப்பார்கள் என்றும் நம்புகிறவர்கள்.

அச்சகத்து முதலாளி சாந்திராஜ் நயினார். சேத்துப்பட்டுப் பக்கத்துச் சமணக் குடும்பம்; ஊரில் நிலமும் சொந்தக் கோயிலும் உண்டு. பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிக்கிறவர். அதனால் முகூர்த்த மாதங்களில் மற்ற அச்சகங்கள் எல்லாம் விடிய விடிய ஓடும்போது எங்கள் அச்சகம் மட்டும் ஐந்து மணிக்குக் கதவைச் சாத்திவிடும். ஐந்தரைக்கு அவர் இலை முன்னால் உட்கார்ந்திருப்பார். இப்படி ஒரு அச்சகம் பிழைக்கவே முடியாது என்று கடைத்தெருவே சொன்னது. அச்சகம் பிழைத்துக்கொண்டது. அதற்குக் காரணம் அவருடைய மூன்று பார்வை.

முதல் பார்வை வீட்டாருடையது. பத்திரிகை அடிக்கக் கொடுக்க வந்தவர்களில் ஒருவர் நின்றுகொண்டு புரூஃபை உரக்கப் படிக்க வேண்டும். உட்கார்ந்து படிக்கக் கூடாது. உட்கார்ந்தால் ஊர்க்கதை வந்துவிடும். இரண்டாவது என்னுடையது. கடைசிச் சொல்லிலிருந்து முதல் சொல்வரை பின்னோக்கிப் படித்து வர வேண்டும். மூன்றாவது அவருடையது. அதை முதல்முறை பார்க்கிறவர்கள் இவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்றே நினைப்பார்கள். புரூஃபை நேராக மேசைமேல் வைப்பார். பிறகு மேசையைச் சுற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். எழுத்தெல்லாம் அவருக்குத் தலைகீழ். அசையவே மாட்டார். தரையில் எறும்பு போனால் மட்டும் காலை நகர்த்திக்கொள்வார்.

ஒருநாள் கேட்டேன், பேப்பரைத் திருப்பி வைத்தால் போதாதா என்று.

"பேப்பரைத் திருப்பினா நாம பழைய எடத்துலயேதாங்க நிக்கிறோம்" என்றார். "நேரா பார்த்தா பேரு தெரியும். தெரிஞ்ச பேராச்சேன்னு கண்ணு விட்டுடும். எதிர்ல போய் நின்னா மை மட்டுந்தாங்க தெரியும். மை எங்கயாச்சும் முட்டிக்குதா, இடிக்குதான்னு அப்பத்தான் பார்க்க முடியும்."

மூன்று பார்வைக்கும் மூன்று கையெழுத்து. மூன்றும் விழாமல் தாள் மெஷினுக்குப் போகாது. பிழை நடந்துவிட்டால் அவர் திட்டியதே கிடையாது. அதற்கும் ஒரு விதி வைத்திருந்தார்: பிழை செய்தவரே திருத்திய புரூஃபை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போக வேண்டும். திட்டு வாங்குவது எவ்வளவு சுகம் என்பது அந்த விதிப்படி ஒருமுறை போய் வந்தவர்களுக்குத் தெரியும்.

சுமார் பத்து வருடத்துக்கு முன், ஒரு மார்கழி மாதம், கீழ்பென்னாத்தூரிலிருந்து கோமதி என்று ஒரு பெண் வந்தார். பள்ளிக்கூட ஆசிரியை. தை மாதம் அவருக்கே கல்யாணம். வெட்கப்படுகிற வேலையை எல்லாம் அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டுத் தன் பத்திரிகையைத் தானே சரிபார்க்க வந்திருந்தார். மாதிரிக் கார்டை ஒரு பக்கம் பார்த்தார், மறுபக்கம் பார்த்தார்.

"இங்கிலீஷ் பக்கம் கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்குதுங்க சார். தமிழ்ப் பக்கம் தாலுக்கா ஆபீஸ் நோட்டீஸ் மாதிரி இருக்குது. ஏன் சார்?"

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் அதே கேள்வியை ஆறு வருடமாக நான் எனக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆங்கிலத்துக்கு வளைந்து ஓடும் எழுத்துகள் வண்டி வண்டியாக இருந்தன. தமிழுக்கு இருந்தவை எல்லாம் நிமிர்ந்து நின்று சல்யூட் அடித்தன. ஆறு வருடமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் பட்டை நிப்புப் பேனாவால் வரைந்து, கம்ப்யூட்டரில் ஏற்றி, அழித்து, மறுபடி வரைந்து ஒரு எழுத்துருவை முடித்து வைத்திருந்தேன். யாரிடமும் காட்டவில்லை. அதில் எனக்கு மிகவும் பிடித்த எழுத்து 'ழு'. அதற்கு ஒரு வால் வைத்திருந்தேன். கீழே இறங்கி, வலப்பக்கம் நீண்டு, நுனியில் மெலிந்து... சரி, விடுங்கள். பிள்ளையைப் பற்றிப் பேசுகிற தகப்பன் மாதிரி ஆகிவிடுவேன்.

கோமதிக்கு அதைத் திறந்து காட்டினேன். அவர் தன் பெயரைப் பார்த்தார். அதன் கொடியைத் திரைமேல் விரலால் ஒருமுறை தடவினார். "இதுலயே போட்டுடுங்க சார்" என்றார்.

இரண்டு நாள் கழித்துப் புரூஃப் தயாரானபோது மணி ஐந்து ஐந்து. மார்கழியில் சீக்கிரம் பொழுது சாய்ந்துவிடும். நயினார் அப்போதுதான் கிளம்பிப் போயிருந்தார். கோமதி நின்றுகொண்டே உரக்கப் படித்தார். நான் பின்னோக்கிப் படித்தேன். எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. காலையில் முதல் வேலையாக மெஷினில் ஏற்றினால் மறுநாளே பத்திரிகை வைக்க ஆரம்பிக்கலாம் என்று அவருக்கு அவசரம். என் எழுத்தை ஊர் பார்க்கப்போகிறது என்று எனக்கு அதைவிட அவசரம். மூன்றாவது கையெழுத்துக்கான இடத்தில் நானே ஒரு கிறுக்கல் போட்டேன். என் கையெழுத்து யாருக்கும் புரியாது என்பது அன்று ஒருநாள்தான் எனக்கு உதவியது.

பத்திரிகை அச்சாகிப் போனது. நாலாம் நாள் கோமதி அழுத கண்ணோடு வந்து நின்றார்.

விஷயம் இதுதான். கோமதியின் அப்பா அவர் சின்ன வகுப்பில் படிக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார். சைக்கிளில் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனதிலிருந்து வேலைக்கு விண்ணப்பம் போட்டதுவரை எல்லாம் பார்த்தவர் தாய்மாமன் மாயவன். ஆனால் பத்திரிகையில் அப்பா வழிக்குத்தானே முதலிடம்? 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்பதற்குக் கீழே சித்தப்பா ஏழுமலை, அதற்கு அடுத்த வரியில் தாய்மாமன் மாயவன். எங்கள் பக்கத்தில் தெருவுக்கு நாலு ஏழுமலை உண்டு. இந்த ஏழுமலைக்கும் மாயவனுக்கும் எப்போதும் ஆகாது. முறை அதுதான் என்பதால் இரண்டாவது இடத்துக்கு மாயவன் ஒன்றும் சொல்லவில்லை. கோமதியின் அம்மாவும் ஏழுமலையும் தட்டில் வெற்றிலை பாக்கும் பத்திரிகையும் வைத்துக் கொடுக்கப் போனார்கள். மாயவன் பத்திரிகையைப் பிரித்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு வெற்றிலை பாக்கை மட்டும் எடுத்துக்கொண்டு, பத்திரிகையைத் தட்டிலேயே திருப்பி வைத்துவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

"மாமா மாலை எடுத்துக் குடுக்காம நான் எப்படிங்க சார் மணையில போய் உக்காருவேன்?" என்றார் கோமதி. "நான்தான் அழகா வேணும்னு கேட்டேன்."

நயினார் பத்திரிகையை வாங்கி மேசையில் வைத்தார். சுற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் போனார். கைகளைப் பின்னால் கட்டினார். நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன். முதல்முறையாக என் எழுத்தை நானும் தலைகீழாகப் பார்த்தேன்.

ஏழுமலையின் 'ழு'விலிருந்து கிளம்பிய வால், வரியைத் தாண்டிக் கீழே இறங்கி, மாயவன் என்ற பெயரின் உச்சிமேல் சாவகாசமாக நீட்டிக்கொண்டிருந்தது. நேராகப் பார்த்தபோது அது கொடி. எதிரிலிருந்து பார்த்தால், ஒருத்தர் படுத்துக்கொண்டு இன்னொருத்தர் தலைமேல் கால் நீட்டியிருந்தார்.

நயினார் பழைய புரூஃபை எடுத்து மூன்றாவது கையெழுத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கோமதியிடம் மட்டும் கேட்டார்.

"வெத்தலைய எடுத்துக்கிட்டார்தானேம்மா?"

"எடுத்துக்கிட்டாருங்க."

"அப்ப வழி இருக்குதும்மா" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "நாளைக்குக் காலையில நீங்க போய்ட்டு வந்துடுங்க" என்றார்.

வாலை வெட்டினேன். ஆறு வருடத்து ஞாயிற்றுக்கிழமைகளை வெட்ட ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. புதுப் புரூஃபை ஒரு அட்டைக்குள் வைத்துக்கொண்டு காலை பஸ்ஸில் கீழ்பென்னாத்தூர் போனேன். பஸ்ஸில் எனக்கு உட்கார இடம் கிடைத்தது. நான் நின்றுகொண்டே போனேன். ஏன் என்று தெரியவில்லை. தண்டனையை அப்போதே ஆரம்பித்துவிடலாம் என்று நினைத்திருப்பேன்.

மாயவன் வீட்டு வாசலில் சாக்கு விரித்து உட்கார்ந்து, மார்கழிப் பட்டத்துக்கு விதைக்கான மணிலாக் கடலையை உடைத்துக்கொண்டிருந்தார். தோல் கிழிந்த பருப்பு ஒரு பக்கம், முழுப் பருப்பு ஒரு பக்கம். நான் யார் என்று சொன்னேன். அவர் நிமிரவில்லை.

"நீங்கதான் அந்தக் காலை வரைஞ்ச ஆளா?"

"அது காலு இல்லீங்க. வாலு."

"யாருக்கு?"

"ஏழுமலை... பேருக்குங்க."

"அவனுக்கு இருக்குதுதான்" என்றார். ஒரு காயை உடைத்தார். "ஊருக்கே தெரியும். அதை அச்சடிச்சு வேற குடுக்கணுமா?"

சிரிக்கலாமா என்று தெரியாமல் புரூஃபை நீட்டினேன். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வாங்கினார். தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

"வாலு எங்க?"

"வெட்டிட்டேங்க."

"ஏன்?"

"உங்களுக்கு மரியாதை..."

"அவன் பேரை மொட்டையடிச்சு எனக்கு மரியாதையா?" இப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார். "அவன் கோமதிக்குச் சித்தப்பன். எங்க மச்சான் இருந்து நிக்க வேண்டிய எடத்துல நிக்கப்போறவன். எனக்கும் அவனுக்கும் ஆயிரம் இருக்கும். இதை அவன் பார்த்தா நாளைக்கு அவன் தட்டுல திருப்பி வெப்பான். அந்தப் பொண்ணு யாரு வூட்டுக்குன்னு ஓடும்? சொல்லுங்க."

வாலோடு போட்டால் இவர் வர மாட்டார். இல்லாமல் போட்டால் அவர் வர மாட்டார். ஒரு எழுத்தின் அடியில் ஒரு கல்யாணம் மாட்டிக்கொண்டிருந்தது. என்ன செய்யலாம் நீங்களே சொல்லுங்கள் என்று கேட்டேன். அது உங்கள் வேலை, எனக்கு விதைக்கிற வேலை இருக்கிறது என்றார். நியாயம்தான்.

கிளம்பும்போது விதியை நினைத்துக்கொண்டு புரூஃபின் அடியில் இருந்த கட்டத்தைக் காட்டினேன். வந்து காட்டியதற்கு ஒரு கையெழுத்து வேண்டும் என்றேன்.

"பார்த்தேன்னுதான் போடுவேன். சரின்னு போட மாட்டேன்."

"அது போதுங்க."

பேனாவை வாங்கி, சாக்கின்மேல் புரூஃபை வைத்து, நாக்கை ஓரத்தில் கடித்துக்கொண்டு எழுதினார். மா. ய. வ. எல்லாம் தூண் மாதிரி நின்றன. கடைசியில் 'ன்' வந்தது. புள்ளியை வைத்த பேனாவை அவர் எடுக்கவில்லை. அப்படியே ஒரு சுற்றில் கீழே இறக்கி, இடப்பக்கமாகத் திருப்பி, தன் பெயரின் அடியிலேயே 'மா'வரை இழுத்துக்கொண்டு போய், அங்கே லேசாக ஒரு சுழி சுழித்து விட்டார்.

நான் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது யார் தலையையும் தொடவில்லை. தன் பெயருக்குத் தானே விரித்துக்கொண்ட பாய் மாதிரி இருந்தது.

"இந்தக் கோடு யாருங்க சொல்லிக் குடுத்தது?"

மாயவனுக்கு முதல்முறையாக வெட்கம் வந்தது. "கோமதிதான். நாலாங்கிளாஸ்ல ரேங்க் கார்டு குடுத்தாங்க. அதுல வூட்டாளுங்க கையெழுத்துப் போடணும். நான் வெறும் பேரை எழுதினேன். 'மாமா, கீழ கோடு போடு, அப்பத்தான் சாருங்க பயப்படுவாங்க'ன்னு அதுவே கையைப் புடிச்சு இழுத்துக் காட்டிச்சு. அன்னியிலருந்து இப்படித்தான்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டேன். புரூஃபை மடிமேல் வைத்துக்கொண்டு அந்தக் கோட்டை விரலால் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். பக்கத்துச் சீட்டு அம்மாள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

அன்று மதியமே வரைந்தேன். 'ழு'வின் வால் வலப்பக்கம் நீளாமல் இடப்பக்கமாகத் திரும்பி, 'ஏ'வின் அடிவரை போய்ச் சுழித்தது. வெட்டுப்படாத முழு வால். ஆனால் ஏழுமலையின் வீட்டு எல்லைக்குள்ளேயே இருந்தது. அதுவரை என் எழுத்துருவில் 'ன்'னுக்கு வாலே கிடையாது. மாயவன் போட்டபடியே அதற்கும் ஒன்று வைத்தேன். மணி நாலேகாலுக்கு நயினார் எதிர்ப்பக்கம் போய் நின்றார். நானும் நின்றேன். எறும்பு எதுவும் வரவில்லை.

"யாரும் யாரையும் முட்டலீங்க" என்றார். மூன்றாவது கையெழுத்தைப் போட்டார். மெஷின்காரரைக் கூப்பிட்டு மொத்தப் பத்திரிகையையும் மறுபடி ஓட்டச் சொன்னார். அந்தச் செலவையோ என் கிறுக்கலையோ பற்றி அன்றும் சரி, பிறகும் சரி, என்னிடம் கேட்டதே இல்லை.

இரண்டாவது பத்திரிகையைக் கோமதி தனியாகவே கொண்டுபோய்க் கொடுத்தார். மாயவன் தட்டிலிருந்து வெற்றிலையை எடுத்தாராம், பாக்கை எடுத்தாராம், பத்திரிகையை எடுத்துப் பிரித்தாராம். "இது நீ போட்ட கோடாச்சே" என்றாராம். இதைச் சொன்ன கோமதி, அந்தக் கோட்டைக் காற்றில் விரலால் இழுத்துக் காட்டினார்.

கல்யாணத்துக்கு நானும் போயிருந்தேன். மாயவன் புது வேட்டியில் மாலையைத் தாம்பாளத்தில் ஏந்திக்கொண்டு வந்தார். அவர் எடுத்துக் கொடுத்த மாலைதான் கோமதியின் கழுத்தில் விழுந்தது. சாப்பாட்டுப் பந்தியில் ஏழுமலை என்னைக் கண்டுபிடித்துவிட்டார். முதல் பத்திரிகையில் தன் பேருக்கு எவ்வளவு நீளம் இருந்தது, இரண்டாவதில் ஏன் குட்டையாகிவிட்டது என்று விசாரணை. எனக்கு வாயில் வடை. நாலு இலை தள்ளி உட்கார்ந்திருந்த மாயவன், சாம்பாரிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்.

"குட்டை ஆவல ஏழுமலை. சுத்தி வந்து உன்கிட்டயே நிக்குது, பாரு."

ஏழுமலை பத்திரிகையை எடுத்துப் பார்த்தார். விரலால் அளந்தார். "ஆமா, ஜாஸ்தியாத்தான் இருக்குது" என்று திருப்தியோடு பாயசம் கேட்டார். புறப்பட்ட இடத்துக்கே சுற்றி வருகிற வாலுக்கு எங்கள் ஊரில் வேறு என்ன பெயர் வைக்க முடியும்? எழுத்துருவுக்கு அன்றுதான் 'கிரிவலம்' என்று பெயர் வைத்தேன். நீளுகிற வாலையும் விடவில்லை. கீழே காலி இடம் இருந்தால் தாராளமாக நீட்டிக்கொள்ளலாம். ஆனால் கீழ் வரியில் யார் இருக்கிறார்கள், அவர் மனசு என்ன என்பது கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அதைப் பார்க்க ஒரு மனுஷர் வேண்டும். அந்த மனுஷருக்காகத்தான் அந்தப் பொத்தான்.

இதை நான் போனில் அரைகுறையாகச் சொல்லி முடித்ததும் நிவேதா, சரி சார், யோசிக்கிறேன் என்று வைத்துவிட்டார். நம் காலத்துக் கதை, பாவம் அந்தப் பெண்ணின் காபி ஆறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் வாட்ஸப்பில் ஒரு செய்தி வந்தது.

"தாய்மாமனை எடுக்கல சார். எனக்கு ஆவணியில கல்யாணம். எங்க பெரியப்பா பேரும் ஏழுமலைதான். கீழ் வரியில எங்க மாமா. கொஞ்சம் பார்த்துச் சொல்றீங்களா?"

கூடவே பத்திரிகையின் படம். பழக்க தோஷத்தில் போனைத் தலைகீழாகப் பிடித்தேன். போன் உடனே படத்தை எனக்கு நேராகத் திருப்பிக் காட்டியது. மறுபடி திருப்பினேன், அதுவும் திருப்பியது. நயினார் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. போனைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்தேன். மேசையைச் சுற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய்க் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மை மட்டும்தான் தெரிந்தது. யாரும் யாரையும் முட்டவில்லை.